பாரதத்துக்காக வாதாடிய பாதிரியார்

தான் வளர்ந்த மதசபை கற்பிப்பதைத் தன் மனச்சாட்சி ஒப்பவில்லையென்று கண்டபின், அதைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டு அச்சபையின் பிரசங்க பீடத்தினின்றும் இறங்கிவிடுவது எல்லோராலும் ஆகிற காரியமன்று. அப்படிச் செய்பவனுக்கு ஜீவனம் போகும், சிநேகிதர் விலகுவர், நேற்று வரை வணங்கியவர்கள் இன்று நிந்திப்பார்கள். தான் பிறந்த தேசம் பிறிதொரு தேசத்தை அடக்கி ஆள்வது அநியாயமென்று கண்டு அதை உலகறியச் சொல்வது அதனினும் அரிய காரியம். இவ்விரண்டையும் ஒரே ஆயுளில் செய்து, 94 வயது வரை ஜீவித்து மறைந்தவர் டாக்டர் ஜேபஸ் தாமஸ் ஸண்டர்லாந்து.

இங்கிலாந்திலே பிறந்து, அமெரிக்காவிலே வளர்ந்து, பாப்டிஸ்டு சபையின் பாதிரியாராகத் தொடங்கி, யூனிடேரியன் என்னும் ஏகதெய்வ சபையின் போதகராக மாறி, முடிவில் பாரத சுதந்திரத்தின் வக்கீலாக நின்றவர் அவர். 1920-ஆம் ஆண்டுகளில் நமது தேசத் தொண்டர்களுக்கு அவர் பெயர் நன்கு பரிச்சயமாயிருந்தது. அவர் எழுதிய புஸ்தகத்தைப் பிரசுரித்த குற்றத்திற்காக இந்நாட்டின் கீர்த்தி வாய்ந்த பத்திராதிபர் ஒருவர் நியாயஸ்தலத்தில் நிறுத்தப்பட்டார். இன்றோ, சரித்திர மாணாக்கர் சிலரையன்றி அவர் பெயரை நினைப்பார் அரியர்.

பரளச்சியிலும் திருச்சுழியிலும் அருப்புக்கோட்டையிலும் வசிக்கும் நமக்கு, மிச்சிகன் ராஜ்யத்துப் பாதிரியார் ஒருவரிடம் என்ன சம்பந்தமென்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நமது சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் கஞ்சி; கண்மாய் வறண்டால் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுப் புறப்பாடு. பஞ்சம் என்றால் மழை பொய்த்தது என்பதே பொருள் என்று நம் முன்னோருக்கு அந்நாளைய சர்க்கார் கற்பித்து வந்தது. அது பாதி உண்மைதான், மறுபாதி மறைக்கப்பட்டிருக்கிறது என்று கடல் கடந்த தேசங்களில் எடுத்துரைத்தவர்களுள் ஸண்டர்லாந்து ஒருவர். ஆதலின் அவருடைய சரித்திரம் நமக்கு அந்நியமானதன்று.

பிறப்பும் பயிற்சியும்

அவர் 1842-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 11-ஆம் தேதி, இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் ஹாவொர்த் என்னும் ஊரில் பிறந்தார். ப்ராண்டி சகோதரிகள் என்னும் நாவலாசிரியைகள் வாழ்ந்த காரணத்தால் ஆங்கில இலக்கியம் கற்றோர் அறிந்த ஊர் அது. குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது குடும்பத்தார் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். எனவே பிறப்பால் ஆங்கிலேயராயினும், வளர்ப்பால் அவர் அமெரிக்கர். அரசனின்றித் தாமே ஆண்டுகொள்ளும் ஜனங்களின் நடுவே வளர்ந்தவருக்கு, ஒரு தேசம் இன்னொரு தேசத்துக்கு எஜமானாயிருப்பது இயற்கையாகத் தோன்றவில்லை போலும்.

சிக்காகோ நகரத்துப் பழைய சர்வகலாசாலையில் பட்டம் பெற்றபின், அந்நகரிலேயே பாப்டிஸ்டு சபையாரின் வேதசாஸ்திரக் கலாசாலையில் 1870-இல் தேர்ச்சி பெற்றார். பாப்டிஸ்டு சபையானது, வயது வந்து விசுவாசத்தை அறிக்கை செய்தவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுப்பது. வேதபுஸ்தகத்தின் அதிகாரத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை உடையது. அச்சபையின் போதகராக அவர் மில்வாக்கி நகரில் ஊழியம் செய்யலானார். இளம் வயது, நல்ல கல்வி, வாக்கு வன்மை ஆகிய யாவும் இருந்தன. அப்படியே இருந்திருந்தால் கௌரவமான ஒரு பாதிரியாராக வாழ்ந்து முடிந்திருப்பார்.

சபை மாறிய வரலாறு

1872-ஆம் ஆண்டில் அவர் பாப்டிஸ்டு சபையை விட்டு யூனிடேரியன் சபையில் சேர்ந்தார். யூனிடேரியன்கள் யார் என்பதை இங்கே சிறிது விளக்குவது அவசியம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவரும் ஒருவரே என்னும் திரித்துவக் கொள்கையை அவர்கள் ஏற்பதில்லை. கடவுள் ஒருவரே, ஏசு மகா புருஷர், உத்தம ஆசிரியர், ஆயினும் கடவுளல்லர் என்பது அவர்கள் கொள்கை. வேதபுஸ்தகத்தையும் மனிதனுக்குக் கடவுள் அளித்த பகுத்தறிவைக் கொண்டே வாசிக்க வேண்டுமென்பது அவர்கள் முறை. கேட்பதற்கு எளிதாயிருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் இக்கொள்கையைச் சொல்வது 1813 வரை சட்டப்படி குற்றமாயிருந்தது.

அங்கே காட்டரிக் என்னும் ஊரில் ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியாராயிருந்த தியாபிலஸ் லிண்ட்சே, தாம் நம்பாத ஜபத்தைத் தாமே சொல்லித் தரமாட்டேன் என்று 1773-இல் தம் உத்தியோகத்தை உதறினார். மறு ஆண்டில் லண்டன் எஸ்ஸெக்ஸ் தெருவில் யூனிடேரியன் ஆலயம் ஒன்றைத் திறந்தார். அவருடைய நூல்களையும் ஜோஸப் பிரீஸ்ட்லியின் நூல்களையும் கற்ற தமிழர் ஒருவர், 1795-இல் சென்னையில் ஏகதெய்வக் கிறிஸ்தவ சபையை நிறுவினார். திருவேங்கடம் என்னும் இயற்பெயருடைய வில்லியம் ராபர்ட்ஸ் அவர். வங்காளத்திலோ, பாப்டிஸ்டு மிஷனரியாக வந்த வில்லியம் ஆடம், ராஜாராம் மோகன் ராயோடு வேதபுஸ்தக மொழிபெயர்ப்பில் ஈடுபட்டு, வாதித்து, முடிவில் ராயின் கட்சியே நியாயமென்று கண்டு 1821-இல் யூனிடேரியனானார். மதம் மாற்ற வந்தவரே மனம் மாறிப்போன விந்தை அது! இவ்வாறாக, ஸண்டர்லாந்து சேர்ந்த சபைக்கும் நம் தேசத்துக்கும் அவர் பிறக்குமுன்பே தொடர்பு ஏற்பட்டிருந்தது.

சபை மாறியவர்களைப் பற்றி உலகம் பலவிதமாகப் பேசும். பணத்துக்காக மாறினான் என்பார்கள்; பதவிக்காக மாறினான் என்பார்கள். ஸண்டர்லாந்து விஷயத்தில் அப்பேச்சுக்கு இடமில்லை. பெரிய சபையை விட்டுச் சிறிய சபைக்குச் சென்றவர் அவர். முதலில் மஸ்ஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தில் நார்த்பீல்டு என்னும் சிற்றூரிலும், பிறகு சிக்காகோவிலும் போதகராயிருந்து, 1878-இல் மிச்சிகன் ராஜ்யத்தின் ஆன் ஆர்பர் நகருக்கு வந்தார். அங்கே இருபது ஆண்டுகள் நிலைத்தார்.

ஆன் ஆர்பர் நகரில்

ஆன் ஆர்பர் சர்வகலாசாலை நகரம். ஆயிரக்கணக்கான வாலிபர்கள் புதிய சாஸ்திரங்களைக் கற்றுக்கொண்டிருந்த இடம். அவ்வாலிபர்களுக்குத் தக்கவாறு பேசக்கூடிய போதகரே அங்கே தேவையாயிருந்தார். வேதபுஸ்தகம் எப்போது, எவரால், எச்சூழ்நிலையில் எழுதப்பட்டது என்பதைச் சரித்திர முறையில் ஆராய்ந்து ஸண்டர்லாந்து ஒரு நூல் எழுதினார். ஒரு நூல் புனிதமானதென்று பெரியோர் சொன்னது மட்டும் போதாது, அதன் பிறப்பு வளர்ப்புகளையும் விசாரித்தறிய வேண்டும் என்பது அவர் கருத்து. இந்த விசாரணைப் பழக்கமே அவருடைய வாழ்க்கையின் அச்சாணி. மத விஷயத்தில் பழகிய இந்தக் கண்ணோட்டத்தைப் பிற்காலத்தில் ராஜாங்க விஷயத்திலும் அவர் செலுத்தினார்.

அவருடைய மனைவி எலைஸா ஸண்டர்லாந்து கல்வியிற் சிறந்த மாதரசி. பெண்கள் உயர்தரக் கல்வி பெறுவது அபூர்வமாயிருந்த அக்காலத்தில், 1892-இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். மறு வருஷம் சிக்காகோவில் கூடிய சர்வமத மகாசபையில், எல்லா மதங்களையும் கருத்தூன்றிக் கற்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றி அவர் பிரசங்கம் செய்தார். நம் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி ஊக்கமளித்து அனுப்புவித்த சுவாமி விவேகானந்தர் சிங்கநாதம் செய்ததும் அந்த மகாசபையிலேதான்.

ஸண்டர்லாந்து எல்லாத் தளைகளையும் வெட்டியெறிய வேண்டும் என்று கூறுபவராக இருந்தாரென்று நினைத்துவிடலாகாது. 1884 முதல் இரண்டு ஆண்டுகள் அவர் மேற்குப் பிராந்திய யூனிடேரியன் மகாநாட்டின் காரியதரிசியாயிருந்தார். அச்சமயம், கடவுள் நம்பிக்கையைக் கூட நிபந்தனையாக வைக்காமல், நல்லொழுக்கம் ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு சபை நடக்கலாமென்று ஜென்கின் லாய்டு ஜோன்ஸ் முதலியோர் கூறினர். ஸண்டர்லாந்து அதை எதிர்த்து 1886-இல் ஒரு பிரசுரம் வெளியிட்டார். கடவுள் நம்பிக்கையே இல்லாவிடில் சபை எதற்கு என்பது அவர் கேள்வி. பழைய சபையின் கட்டளைகளை மீறி வந்தவர் புதிய கட்டளை போடப் பார்க்கிறாரே என்று எதிர்க்கட்சியார் அவரைக் குறை கூறினர். அக்கலகத்தில் சிநேகிதர் பலர் பிரிந்தனர். அவர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. தம் கட்சியாருக்கும் முகத்துக்கு நேரே மாறுபட்ட அபிப்பிராயம் சொல்லக்கூடியவர் அவர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

ஆன் ஆர்பரிலிருந்து அவர் நடத்திய பத்திரிகையும் எழுதிய கடிதங்களும் வெகு தூரம் சென்றன. அஸாமைச் சார்ந்த காஸி மலைப் பிரதேசத்தில் ஹாஜம் கிஸோர் சிங் என்ற இளைஞர், வெல்ஷ் மிஷனரிகளிடம் கிறிஸ்தவராகியும் மனம் அமைதியுறாமல், தாமாகவே ஏகதெய்வக் கொள்கைக்கு வந்து, 1887-இல் ஜோவாய் என்னுமிடத்தில் ஒரு சபை தொடங்கினார். கல்கத்தாவில் இருந்த அமெரிக்க யூனிடேரியன் மிஷனரி சார்லஸ் டால் அதற்கு முன்பே அவருக்கு நூல்கள் அனுப்பி உதவியிருந்தார். டால் இறந்தபின், அந்த மலைநாட்டு இளைஞருக்குக் கடிதத் துணையாக அமைந்தவர் ஸண்டர்லாந்து. எந்த மிஷனரியும் சென்று நிறுவாத சபை அது. அந்த நாட்டு மக்கள் தாமே கண்டு, தாமே அமைத்தது. பாரத மக்கள் பிறர் கைபிடித்து நடத்தவேண்டிய குழந்தைகளல்லர் என்பதை அவர் முதன்முதலாக அங்கேதான் உணர்ந்தார் போலும்.

பாரத யாத்திரை

1895-இல் இங்கிலாந்து யூனிடேரியன் சங்கத்தார் அவரைப் பாரதத்துக்கு அனுப்பினர். இங்குள்ள ஏகதெய்வ இயக்கங்களின் நிலைமையை அறிந்து வரவேண்டுமென்பது ஏற்பாடு. வந்தவர், பிரம்ம சமாஜத்தாரோடும் பிரார்த்தனை சமாஜத்தாரோடும் பழகினார். ஜோவாய் மலைக்கும் சென்று, கடிதத்தில் மட்டும் அறிந்த நண்பரை நேரில் கண்டார். ஆனால் அவர் மதச் சபைகளோடு நின்றுவிடவில்லை. 1895 டிசம்பரில் பூனாவில் சுரேந்திரநாத் பானர்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸுக்கும் சென்றார். மிஷனரிகளின் அறிக்கைகளில் காணாத பாரதத்தை அங்கே கண்டார். பல மாகாணத்தார், பல மதத்தார், பல பாஷையினர் ஒரு பந்தலின் கீழ் அமர்ந்து வரியைப் பற்றியும் வறுமையைப் பற்றியும் நியாயம் பேசும் பாரதம் அது.

ஊர் திரும்பியபின் அவர் செய்த யோசனைகளில் ஒன்று, பிரம்ம சமாஜம் போன்றவற்றின் வாலிபர்களை ஆக்ஸ்போர்டிலுள்ள மான்செஸ்டர் கலாசாலைக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து அழைத்துப் படிப்பிக்க வேண்டுமென்பது. அவர்களைக் கிறிஸ்தவராக்க வேண்டுமென்று அவர் சொல்லவில்லை. கற்றபின் தத்தம் சமாஜத்துக்கே திரும்பி ஊழியம் செய்யட்டும் என்பதே அவர் விருப்பம். இவ்வகையில் 1901-இல் சென்றவர்களுள் மகாராஷ்டிரத்து விட்டல் ராம்ஜி ஷிண்டே ஒருவர். அவர் திரும்பி வந்து 1906-இல் பம்பாயில் தாழ்த்தப்பட்டோர் ஊழிய சங்கத்தைத் தொடங்கி, தீண்டாமை ஒழிப்புக்குத் தம் ஆயுளைச் செலவிட்டார். தூரத்தில் விதைத்த விதை எங்கே முளைக்குமென்று யாரால் சொல்ல முடியும்!

பஞ்சத்துக்கு மூலம் எது?

ஸண்டர்லாந்து பாரதத்தை விட்டுச் சென்ற 1896-லேயே பெரும் பஞ்சம் தொடங்கியது. அது தணிந்து மூச்சு விடுவதற்குள் 1899-இல் மறுபஞ்சம். அமெரிக்காவில் அனுதாபம் பெருகியது. தானியமும் பணமும் திரட்டப்பட்டன. தருமம் செய்வது நல்லது. ஆனால் இந்தப் பஞ்சம் ஏன் வருகிறது என்று கேட்க வேண்டாமா என்று ஸண்டர்லாந்து கேட்டார். 1900-த்தை ஒட்டிய ஆண்டுகளில் இதைப் பற்றி எழுதினார்.

அவருடைய வாதம் ஒரு நல்ல வக்கீலின் வாதம் போன்றது. மழை பொய்த்ததால் பஞ்சமா? ஓரிடத்தில் பொய்த்தால் வேறிடத்தில் விளைந்திருக்கிறது. பஞ்ச காலத்திலும் தேசத்தினின்று தானியம் ஏற்றுமதியாகியிருக்கிறது. ஜனத்தொகை மிகுந்ததால் பஞ்சமா? சதுர மைலுக்கு இதைவிட நெருக்கமாக ஜனங்கள் வாழும் ஐரோப்பிய நாடுகளில் பஞ்சம் இல்லையே. பின் எதனால்? ஜனங்களின் கொடிய வறுமையால். ஒரு போகம் தவறினால் மறுபோகம் வரை தாங்கக்கூடிய சேமிப்பு குடியானவனிடம் இல்லை. சந்தையில் தானியம் இருந்தாலும் வாங்கக் கையில் காசில்லை. அந்த வறுமை எங்கிருந்து வந்தது? கனத்த வரியினின்றும், கைத்தொழில்களின் அழிவினின்றும், பாரதத்தின் செலவிலேயே நடத்தப்பட்ட பெருஞ் சேனையினின்றும், வருஷந்தோறும் இங்கிலாந்துக்குச் சென்ற பெருந்தொகையினின்றும் வந்தது. தாதாபாய் நௌரோஜியும், ரமேச சந்திர தத்தரும், வில்லியம் டிக்பியும் இதே காலத்தில் புள்ளி விவரங்களோடு நிலைநாட்டிய உண்மை இது. அதை அமெரிக்கப் பாமரருக்கும் விளங்கும்படி சொன்னது ஸண்டர்லாந்தின் சேவை.

நமது சீமையின் அனுபவத்தோடு இதை ஒத்துப் பார்ப்போம். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் மாண்டவர் 35 லட்சம் வரை இருக்குமென்பது ஒரு மதிப்பு. மழை பொய்த்தது உண்மையே. ஆனால் அந்நாளில் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க வந்த ஸர் ரிச்சர்டு டெம்பிள், உழைக்கும் மனிதனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதுமென்று நிர்ணயித்தாரே, அது மழையின் குற்றமா? ரயில் பாதைகளுக்கு வாரி இறைத்த பணத்தை நீர்ப்பாசனத்துக்குச் செலவிடுங்கள் என்று ஸர் ஆர்தர் காட்டன் கதறியதைச் செவி மடுக்காதது மழையின் குற்றமா? கண்மாய்க் கரையும் கலுங்கும் மடையும் வரத்துக்காலும் ஊராரின் குடிமராமத்தால் காக்கப்பட்டு வந்த தேசம் இது. அந்த ஏற்பாடு குலைந்து, பழுது பார்ப்பாரின்றிக் கண்மாய்கள் தூர்ந்தது மழையின் குற்றமா? அருப்புக்கோட்டை போன்ற ஊர்களின் தறிகளுக்கு எதிரே லங்காஷயர் ஆலைத் துணி வந்து குவிந்தது மழையின் குற்றமா? கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைந்து, பருத்தியும் விற்று வாழ்ந்த கரிசல் பூமியினின்று இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் ஜனங்கள் கப்பலேறிய கதை நம் கிராமங்கள் அறிந்த கதை. அக்கதைக்குரிய காரணத்தை, ஸண்டர்லாந்து ஒரு மத போதகரின் நெஞ்சோடும் ஒரு கணக்கரின் நிதானத்தோடும் எடுத்துரைத்தார்.

அமெரிக்காவில் பிரசாரம்

ஆன் ஆர்பரை விட்டபின் ஓக்லாந்து, லண்டன், டொரண்டோ, ஹார்ட்போர்டு, ஆட்டவா, போகீப்ஸி என்று பல நகரங்களில் அவர் போதகராயிருந்தார். சென்ற இடமெல்லாம் பாரதத்தைப் பற்றிப் பேசினார். 1908 அக்டோபரில் அட்லாண்டிக் மன்த்லி என்னும் பிரபல அமெரிக்க மாசிகையில், பாரதத்தின் புதிய தேசிய இயக்கத்தைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அவ்வாண்டை நாம் மறக்க முடியுமா? 1908 ஜூலையில்தான் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலியில் கொடிய தண்டனை விதிக்கப்பட்டது. அதே மாதத்தில்தான் திலகர் மாந்தலைக்கு அனுப்பத் தீர்ப்பாயிற்று. இங்கே வாயைத் திறப்பவர்கள் சிறைக்குச் சென்றுகொண்டிருந்த சமயத்தில், அங்கே ஒரு முதிய பாதிரியார் அவர்கள் கட்சியின் நியாயத்தை அமெரிக்கக் கனவான்கள் வாசிக்கும் பத்திரிகையில் எடுத்துரைத்தார். அந்த உதவியின் மதிப்பை அக்காலத்தவரே நன்கு உணர்வார்கள்.

1913-14-இல் அவர் மறுமுறை பாரதம் வந்து, பல நகரங்களில் சொற்பொழிவாற்றினார். திரும்பிச் சென்ற சில மாதங்களில் லாலா லஜபதி ராய் அமெரிக்கா சேர்ந்தார். யுத்த காரணமாகத் தாய்நாடு திரும்ப முடியாமல் அங்கே ஐந்தாண்டுகள் தங்க நேர்ந்த லாலாஜிக்கு ஸண்டர்லாந்து பற்றுக்கோடாயிருந்தார். லாலாஜியின் 'யங் இந்தியா' நூலுக்கு முகவுரை எழுதினார். 1917-இல் நியூயார்க்கில் லாலாஜி அமைத்த இந்திய ஹோம்ரூல் சங்கத்தில் முன்னின்று உழைத்தார். லாலாஜி ஊர் திரும்பியபின், அச்சங்கத்தின் மாசிகையைத் தாமே நடத்தினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. பிறருக்கு ஓய்வுக்குரிய வயது அது. அவருக்கோ, முக்கியமான வேலை இனிமேல்தான் இருந்தது.

தடையுண்ட புஸ்தகம்

1927-இல் மிஸ் காதரின் மேயோ என்னும் அமெரிக்க மாது 'மதர் இந்தியா' என்ற நூலை வெளியிட்டாள். பாரத சமூகத்தின் புண்களையெல்லாம் தேடித் தேடி எடுத்துக்காட்டி, இத்தகையோர் சுயராஜ்யத்துக்குத் தகுதியற்றவர் என்று வாசகர் முடிவு செய்யும்படி எழுதப்பட்ட நூல் அது. அமெரிக்காவில் அது ஏராளமாக விற்றது. இந்தத் துர்ப்பிரசாரத்துக்கு நடுவே, அமெரிக்கர் ஒருவரே எழுதிய ஒரு மறுப்பு நூல் பாரதத்திலேயே அச்சாகி வெளிவந்தது. 'இந்தியா இன் பாண்டேஜ்', அதாவது தளைப்பட்ட பாரதம் என்பது அதன் பெயர். எழுதியவர் ஸண்டர்லாந்து, பிரசுரித்தவர் கல்கத்தா 'மாடர்ன் ரிவ்யூ' பத்திராதிபர் ராமானந்த சட்டர்ஜி. 1928 டிசம்பரில் அது வெளிவந்தபோது ஆசிரியருக்கு வயது 86. அதற்கு முந்திய மாதம்தான் லாலாஜி மறைந்திருந்தார்.

சுயராஜ்யத்துக்கு எதிராகச் சொல்லப்படும் ஒவ்வொரு காரணத்தையும் எடுத்துக்கொண்டு விடை சொல்லும் நூல் அது. எழுத்தறிவில்லையென்கிறீர்களா? இத்தனை ஆண்டு ஆண்டவர்கள் ஏன் கற்பிக்கவில்லை? பல பாஷைகள், பல மதங்கள் என்கிறீர்களா? ஸ்விட்ஸர்லாந்தைப் பாருங்கள். இந்து முஸ்லிம் கலகம் என்கிறீர்களா? சமஸ்தானங்களை விடப் பிரிட்டிஷ் பகுதிகளில் அது ஏன் மிகுதி? சாராயத்தாலும் அபினாலும் வருமானம் பெறும் சர்க்காரா ஜனங்களுக்கு ஒழுக்கம் கற்பிப்பது? அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் 1776-இல் சுதந்திரம் கோரியது நியாயமானால், பாரதம் கோருவது எங்ஙனம் அநியாயமாகும்? இவ்வண்ணமே வாதம் தொடர்ந்து செல்கிறது.

சர்க்காருக்கு இது பொறுக்கவில்லை. 1929-இல் போலீஸார் அச்சகத்தைச் சோதனையிட்டுப் பிரதிகளைக் கைப்பற்றினர். ராமானந்த சட்டர்ஜியும் அச்சிட்டவரும் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டனர். புஸ்தகம் தடை செய்யப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் அமெரிக்காவில் அதன் பதிப்பு வெளிவந்துவிட்டது. 1930-இல் சரித்திராசிரியர் வில் டூரண்ட் பாரதத்தின் சார்பில் எழுதிய நூலும் ஸண்டர்லாந்தின் நூலைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டது. பூட்டி வைக்கப்பட்ட புஸ்தகம் பிறருடைய புஸ்தகத்தின் வழியாகவும் பேசியது!

அவரிடம் நாம் கற்க வேண்டியது

1936 ஆகஸ்டு 13-ஆம் தேதி, ஆன் ஆர்பரில் அவர் காலமானார். லாகூர் காங்கிரஸின் பூரண சுயராஜ்யத் தீர்மானத்தையும் உப்பு சத்தியாக்கிரகத்தையும் அவர் ஆயுள் கண்டது, 1947-ஐக் காணவில்லை.

அவருடைய நூலில் குறையே இல்லையென்று நாம் சொல்லோம். மேயோவுக்கும் அவளைப் போன்றோருக்கும் விடை கூறும் அவசரத்தில், நம் சமூகத்தின் ஜாதிக் கொடுமையைப் பற்றிப் பேசும்போது அவர் எதிரியின் வாயை அடைக்கும் வாதத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார். அமெரிக்காவிலும் நீக்ரோக்களை நடத்தும் கொடுமை உண்டு, அதனால் அமெரிக்கர் சுயராஜ்யத்துக்குத் தகுதியற்றவராகிவிட்டனரா என்பது போன்ற வாதம். அந்நியனுக்கு அது தக்க விடையே. நமக்கு நாமே சொல்லிக்கொள்ள அது விடையாகாது. சுதந்திரம் வந்து எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், ஒரே ஊரில் இரு சுடுகாடு வைத்துக்கொண்டு வாழும் கிராமங்கள் இருக்கின்றன. அந்நியன் போய்விட்டான், யாருக்கு விடை சொல்லி இதை மூடப் போகிறோம்? ஸண்டர்லாந்து வழிவகுத்த உபகாரச் சம்பளத்தில் கற்றுத் திரும்பிய ஷிண்டே, வாதத்தால் அன்றி வேலையால் அதற்கு விடை தேடினார். நமக்கு ஏற்ற வழி அதுவே.

பஞ்சத்தைப் பற்றி அவர் கேட்ட கேள்வியும் பழையதாகிவிடவில்லை. நம் கண்மாய்களுக்குள் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. வரத்துக்கால்கள் தூர்ந்து கிடக்கின்றன. மழை குறைந்த ஆண்டில் வானத்தை நோக்கிக் கை கூப்புகிறோம். மழை பெய்த ஆண்டில் நீர் நில்லாது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அந்நாளில் குற்றத்தைச் சுமத்த வெள்ளைக்காரன் இருந்தான். இன்று சர்க்கார் நம்முடையது, ஊராட்சி நம்முடையது, கண்மாயும் நம்முடையது. ஆகவே காரணத்தைக் கேட்கும் கடமையும் நம்முடையதாகிவிட்டது.

பெரியோர் சொன்னார்கள் என்பதற்காக வேதத்தை ஒப்பாமல், அதன் காரணத்தை விசாரித்தார் ஸண்டர்லாந்து. ஆள்வோர் சொன்னார்கள் என்பதற்காகப் பஞ்சத்தின் காரணத்தை ஒப்பாமல், அதையும் விசாரித்தார். விசாரித்துக் கண்டதை, சபை போனாலும் சொன்னார். தாம் பிறந்த நாட்டுக்கு எதிராக இருந்தாலும் சொன்னார். தேச ஊழியத்தில் இறங்கும் வாலிபர்கள் இந்த ஒரு குணத்தைக் கைக்கொண்டால் போதும். கட்சித் தலைவர் சொன்னார் என்பதற்காகவும், தம் ஜாதியார் சொன்னார்கள் என்பதற்காகவும் எதையும் ஏற்காமல், உண்மை எது என்று தேடி அதை அஞ்சாது சொல்லும் பத்துப் பேர் ஓர் ஊரில் இருந்தால் அவ்வூர் பிழைக்கும். பரளச்சி முதலிய நமது கிராமங்களில் அத்தகைய பத்துப் பேர் தோன்ற வேண்டும். டாக்டர் ஸண்டர்லாந்துக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.